யந்திரமும் பத்திரமும்

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் அடங்கிய போலகத்தில், புதுச்சேரி அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய பிப்டிக் மனை பிரித்துக் கொடுத்த வளர்ச்சி மையத்தை ஒட்டிச் சிறிதும் பெரிதுமாகத் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. அவற்றுள் பெரியவை தமக்கென்று கணிப்பொறிப் பிரிவே வைத்துக்கொண்டு, வெளியூரில் இருக்கும் தலைமையகத்தின் கட்டளைப்படி நடப்பவை. அங்கே என்னைப் போன்றவனுக்கு வேலை இராது. சிறியவை அப்படியல்ல. ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., சில மேஜைக் கணிப்பொறிகள், வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் ஒரு கருவி, கணக்குக்கு டாலி, இவ்வளவே அவற்றின் ஆஸ்தி. இவற்றை உயிரோடு வைத்திருப்பதாக வருஷாந்திர ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ஆலைக்கு ஆலை போய்வருவதே நெடுங்காலமாக என் ஜீவனோபாயம். உப்புக் காற்று செம்பையும் ஈயத்தையும் தின்னும் பிரதேசமாதலால், மேட்டாங்கரையில் நெடுநாள் உழைக்கும் பெட்டி இங்கே சீக்கிரமே இளைப்பு வாங்கும். திருமலைராயன்பட்டினத்திலேயே 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று இருந்தபோதிலும், புயற்காலத்தில் மின்சாரம் போவதை எவரும் தடுத்ததில்லை. ஆகவே ஒரு யந்திரத்தில் உள்ளவற்றையெல்லாம் மற்றொன்றுக்குக் குடிபெயர்க்கும் காரியம் எங்கள் தொழிலில் அடிக்கடி நேர்கிறது. அந்தக் குடிபெயர்ப்பில் கோப்புகளைக் கொண்டுசெல்லுவது சிறு பகுதி. அவற்றின் உரிமத்தைக் கொண்டுசெல்லுவதே பெரும் பகுதி என்பது இத்தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போதெல்லாம் எந்தச் சர்வரிலும் விண்டோஸை நேராகக் கொண்டுபோய் அமர்த்துவதில்லை. இரும்புப் பெட்டியின்மேல் முதலில் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் உட்காருகிறது. அது பெட்டியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, இல்லாத கணிப்பொறிகள் சிலவற்றை இருப்பவைபோலத் தோற்றுவிக்கிறது. அந்தத் தோற்றக் கணிப்பொறிகளுக்கு வி.எம். என்பது எங்கள் பேச்சுவழக்கு. ஐ.பி.எம். தன் ராட்சத யந்திரங்களுக்காக 1972-லேயே இதை வியாபாரப் பொருளாக விற்றது. சாதாரண இன்டெல் பெட்டிக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தது 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வி.எம்.வேர்; 2007-இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே கே.வி.எம். சேர்ந்தது, மறு வருஷம் மைக்ரோசாப்ட் தன் ஹைப்பர்-வியை வெளியிட்டது. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு வி.எம்.மின் சரீரம் முழுவதும் சில கோப்புகளே. அவற்றைப் பிரதியெடுத்து, வேறொரு ஹைப்பர்வைசர் அறிந்த வடிவத்துக்கு மாற்றி, அங்கே எழுப்பிவிடலாம். வட்டின் கட்டுப்பாட்டுக் கருவி மாறியதால் நீலத்திரை காட்டி முரண்டு பிடிக்கும் விண்டோஸைச் சமாதானப்படுத்துவதற்கு ஒரு டிரைவரை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டால் போதும். அது ஒரு மாலை வேலை.

2023 நவம்பர் 22-ஆம் தேதி பிராட்காம் என்னும் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு முறை விலை கொடுத்தால் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளும்படியான பழைய உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டு, வருஷச் சந்தா மட்டுமே இனி என்று அறிவிப்பு வந்தது; மறு வருஷம் பிப்ரவரியில் வி.எம்.வேரின் ஹைப்பர்வைசராகிய இ.எஸ்.எக்ஸ்.ஐ.யின் இலவசப் பதிப்பையும் விலக்கிக்கொண்டார்கள். (2025 ஏப்ரலில் அதை ஆரவாரமில்லாமல் திரும்பக் கொடுத்தார்கள், அதற்குள் போகவேண்டியவர்கள் போய்விட்டார்கள்.) உலகம் முழுவதும் பெரிய ஸ்தாபனங்கள் இதனால் கலங்கியதைப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் பக்கத்துச் சிறு ஆலைகளோ பெரும்பாலும் அந்த இலவசப் பதிப்பின் நிழலில் காலம் தள்ளியவை. அவை புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தில், வியன்னாவில் உருவாகும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற கே.வி.எம். அடிப்படையிலான மென்பொருளுக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இ.எஸ்.எக்ஸ்.ஐ.யிலிருந்து வி.எம்.களை நேராக இழுத்துக்கொள்ளும் வசதியைப் பிராக்ஸ்மாக்ஸ் 2024 மார்ச்சில் சேர்த்துக் கொடுத்ததும் அதற்குத் துணையாயிற்று.

ஒரு முதலாளி, வயதில் மூத்தவர், இரும்புச் சாமான் வியாபாரத்திலிருந்து ஆலைத் தொழிலுக்கு வந்தவர், அவருடைய சர்வரைப் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றி நான் வேலையை முடித்து எழுந்தபோது திரையின் வலது கீழ்மூலையைச் சுட்டிக்காட்டி, "தம்பி, விண்டோஸை ஆக்டிவேட் பண்ணுன்னு எழுதியிருக்கே? போன வாரம் வரைக்கும் இது இல்லையே. பெட்டி அதே பெட்டி, விண்டோஸ் அதே விண்டோஸ், காசும் அப்பவே கொடுத்தாச்சு. அப்புறம் என்ன கேக்குறான்?" என்றார். இத்தொழிலின் சங்கடம் அனைத்தும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது. "ஐயா, உங்க பேரிலே தப்பு இல்லே, சட்டப்படி பெட்டி மாறலே. ஆனா அதுக்குப் பெட்டி மாறிப்போனதாத் தோணுது" என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஏற்படாததில் நியாயம் உண்டு.

உரிமம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள், ஒன்றையொன்று அறியாத இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று ஒப்பந்தத்தின் கணக்கு. விண்டோஸ் சர்வரின் ஒப்பந்தம் ஹைப்பர்வைசரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது இரும்புப் பெட்டியையும் அதிலுள்ள செயலியின் கோர்களையும் எண்ணுகிறது. 2016-ஆம் வருஷப் பதிப்பு முதல், ஒரு செயலிக்குக் குறைந்தது 8, ஒரு பெட்டிக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் வாங்கவேண்டும். பெட்டியின் எல்லாக் கோர்களுக்கும் வாங்கிவிட்டால், ஸ்டாண்டர்டு பதிப்பில் இரண்டு வி.எம்.களும் டேட்டாசென்டர் பதிப்பில் எத்தனை வி.எம்.களும் அந்தப் பெட்டிக்குள் நடத்தலாம். அவை வி.எம்.வேரின்மேல் நடந்தாலும் பிராக்ஸ்மாக்ஸின்மேல் நடந்தாலும் ஒப்பந்தத்துக்கு ஒன்றே. மற்றொன்று ஆக்டிவேஷன் என்னும் யந்திரத்தின் கணக்கு. வி.எம்.முக்குள் குடியிருக்கும் விண்டோஸுக்கு இரும்புப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. ஹைப்பர்வைசர் அதற்கு எதைக் காட்டுகிறதோ அதுவே அதன் உலகம். ஆகவே ஹைப்பர்வைசர் மாறினால் உலகமே மாறியதாக அது முறையிடுகிறது. இரும்புப் பெட்டியே மாறி, ஹைப்பர்வைசர் மட்டும் பழையபடி இருந்துவிட்டாலோ, ஒன்றும் நேராததுபோல அமைதியாக வேலை செய்கிறது. உரிமை பிசகாத இடத்தில் கூச்சலும், உரிமை பிசகிய இடத்தில் மௌனமும் நிலவுவது இதனால்தான்.

காரைக்கால்வாசிகளுக்கு இப்படி இரண்டு கணக்குகளோடு இருப்பது ஒன்றும் நூதனமான நிலைமையல்ல என்று சொல்லலாம். பிரெஞ்சுக்காரர் 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பெற்ற இந்தப் பகுதி, 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. சட்டப்படி வந்ததோ 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. இடைப்பட்ட ஏழு வருஷங்களுக்கும் மேலான காலத்தில் கச்சேரியில் ஒரு கணக்கும் பத்திரத்தில் வேறொரு கணக்குமாக இந்த ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

விண்டோஸ் தான் இருக்கும் பெட்டியை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது. 2001-இல் வந்த எக்ஸ்பி முதல், விண்டோஸ் தன்னைச் சுற்றியுள்ள உறுப்புகளைப் பார்வையிட்டு, அவற்றின் சாரத்தை ஓர் எண்ணாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. தாய்ப்பலகை தெரிவிக்கும் நீண்ட அடையாள எண், வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி, வட்டின் தொடர் எண், செயலியின் இனம் முதலியவை அந்தப் பட்டியலில் அடங்கும். ஒன்றிரண்டு மாறினால் பொறுத்துக்கொள்ளும். பல ஒரே சமயத்தில் மாறினால் வேறு பெட்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டும். ஹைப்பர்வைசரை மாற்றும்போது மாறுவது ஒன்றிரண்டல்ல, ஏறக்குறைய அனைத்தும். வி.எம்.வேர் தரும் மேக் முகவரி 00:50:56 என்று ஆரம்பித்தால், கே.வி.எம். வழக்கமாகக் கொடுப்பது 52:54:00 என்று ஆரம்பிக்கிறது. வட்டைத் தாங்கும் கருவியின் பெயர் வேறு. தாய்ப்பலகையைச் செய்தவர் பெயர் வேறு. அடையாள எண் புதிதாய்ப் பிறக்கிறது. வி.எம்.வேரிலேயே ஒரு வி.எம்.மை இடம் மாற்றி எழுப்பினால், "நகர்த்தினீர்களா, பிரதியெடுத்தீர்களா" என்று கேட்கும். நகர்த்தினோம் என்றால் பழைய எண்ணை வைத்துக்கொள்ளும், பிரதி என்றால் புதிய எண் சூட்டும். அந்த மரியாதையான கேள்வி மற்றொரு ஹைப்பர்வைசருக்குப் போகும்போது கேட்கப்படுவதில்லை.

ஆகையால், பழைய பெட்டியை அணைப்பதற்கு முன் ஒவ்வொரு வி.எம்.மின் அடையாள எண்ணையும் மேக் முகவரியையும் எழுதி வைத்துக்கொண்டு, புதிய இடத்தில் அவற்றை அப்படியே கையால் இடுவது எங்கள் வழக்கம். அடையாள எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: அதன் முதல் மூன்று பகுதிகளின் பைட்டுகளை வி.எம்.வேர் எழுதும் வரிசையும், மற்றவை வாசிக்கும் வரிசையும் சில வேளை தலைகீழாக இருக்கும். கோப்பில் பார்த்த எண்ணை அப்படியே இட்டவர், உள்ளே விண்டோஸ் வேறு எண்ணைக் காண்பதைப் பார்த்துத் திகைப்பார். கோப்பை நம்பாமல், பழைய விண்டோஸுக்குள்ளேயே நுழைந்து அது என்ன எண்ணைக் காண்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே உத்தமம். இவ்வளவும் செய்தால் சில சமயம் விண்டோஸ் மூச்சுக் காட்டாமல் ஏற்றுக்கொள்ளும். இது ஏமாற்று வேலையல்லவா என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டதுண்டு. அதே இரும்புப் பெட்டி, அதே உரிமம், பழைய இடத்தில் அந்த வி.எம். மறுபடி எழுப்பப்படாது என்னும் உறுதி, இம்மூன்றும் இருக்கும் வரையில் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஏற்றுக்கொள்ளாத சந்தர்ப்பங்களில்தான், வாங்கும்போது எந்த ஜாதி உரிமம் வாங்கினோம் என்ற கேள்வி எழுகிறது. நமது பக்கத்துச் சிறு ஆலைகளில் பெரும்பாலும் இருப்பது, சர்வரோடு சேர்த்துக் குறைந்த விலைக்கு வரும் ஓ.இ.எம். உரிமம். அது பெட்டியோடு பிறந்து பெட்டியோடு மடிவது. வேறு பெட்டிக்கு மாற்றும் உரிமை அதற்குக் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் சாவி எண் அச்சிட்டிருக்கும். சில தயாரிப்பாளர்கள் இரும்புக்கு ஒன்று, வி.எம்.முக்கு ஒன்று என இரண்டு சாவிகள் அச்சிடுவார்கள். போலகத்தின் ஈரக்காற்றில் இந்த ஸ்டிக்கர்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது. மை வெளுத்து, 8 என்பது 3 ஆகவும், பி என்பது எட்டாகவும் மயங்கும். பூதக்கண்ணாடியும் டார்ச் விளக்கும் கொண்டு, சர்வர் அறைத் தரையில் மண்டியிட்டுச் சாவி எண் படித்தவர்களுள் நானும் ஒருவன். சர்வர் வந்த அன்றே அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து, பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைக்கும்படி அதன்பின் எல்லா முதலாளிகளிடமும் சொல்லி வருகிறேன். ஸ்டிக்கரை இழந்தவர்களைவிடப் பில்லை வைத்துக்கொள்ளாதவர்கள் அதிகம். ஸ்டிக்கர் இருந்து பில் இல்லாவிட்டால், தணிக்கைக்கு வருபவர் கண்ணில் அது பாதி ஆதாரமே.

அதே ஓ.இ.எம். குடும்பத்தில் ராக் என்று ஒரு வகை உண்டு. தயாரிப்பாளரின் வட்டிலிருந்து நிறுவும்போது, பெட்டி தன் கம்பெனியுடையதுதானா என்று பயாஸைத் தட்டிப் பார்த்த பிறகே உள்ளே விடும். வி.எம்.முக்குள் நிறுவினால் அதன் கண்ணுக்குத் தெரிவது ஹைப்பர்வைசர் காட்டும் பெயராதலால், கதவு திறக்காது. வி.எம்.வேரில், இரும்புப் பெட்டியின் பெயரை வி.எம்.முக்குள்ளும் பிரதிபலிக்கச் செய்ய அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். பிராக்ஸ்மாக்ஸில் அதே விவரத்தைத் தயாரிப்பாளர் பெயர் என்ற கட்டத்தில் நாமே எழுதவேண்டும். உண்மையான பெட்டியின் பெயரை அதே பெட்டியில் எழுதுவதில் தோஷமில்லை. வேறு கம்பெனிப் பெட்டியில் அந்தப் பெயரை எழுதி நுழைந்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் ஒப்பந்தம் எழுதுவதில்லை.

மொத்தமாக வாங்குவோருக்கான வால்யூம் உரிமங்களில் தொல்லை வேறு விதம். அவற்றில் மேக் எனப்படும் சாவிக்கு (வலையமைப்பு முகவரியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இந்தத் துறையில் பெயர் வைப்பவர்களுக்குச் சொற்பஞ்சம்) இத்தனை தடவை என்று ஓர் எண்ணிக்கை உண்டு. ஒவ்வொரு குடிபெயர்ப்பும் அதில் ஒன்றை விழுங்கும். கே.எம்.எஸ். என்ற மற்றொரு ஏற்பாட்டில், ஆலைக்குள்ளேயே ஒரு சர்வர் 1688-ஆம் கதவு எண்ணில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றுக்கு அங்கீகாரம் வழங்கும். ஒரு முறை பெற்ற அங்கீகாரம் 180 நாள் நிற்கும், ஏழு நாளைக்கொரு முறை தானே புதுப்பித்துக்கொள்ளும். குடிபெயர்ப்போருக்கு இதைப்போல் சௌகரியமானது வேறில்லை. ஆனால் குறைந்தது 5 சர்வர்களோ 25 மேஜைக் கணிப்பொறிகளோ வந்து கதவைத் தட்டினால்தான் அது திறக்கும். ஒரே வி.எம்.மைப் பல தடவை பிரதியெடுத்து எண்ணிக்கையை நிரப்பலாமென்றால், சிஸ்பிரெப் என்னும் கருவியால் அடையாளத்தைத் துடைக்காத பிரதிகளையெல்லாம் அது ஒன்றாகவே எண்ணுகிறது. சிறு ஆலைக்குக் கே.எம்.எஸ். எட்டாத கனி.

ஏ.வி.எம்.ஏ. என்பதைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இதில்தான் உரிமம் வெளிப்படையாகவே ஹைப்பர்வைசரோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 2012 ஆர்2 பதிப்பில் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டின்படி, இரும்பின்மேல் டேட்டாசென்டர் பதிப்பும் ஹைப்பர்-வியும் இருந்தால், உள்ளே எழுப்பும் விண்டோஸ் வி.எம்.கள் இணையமோ தொலைபேசியோ இல்லாமல் தாமே அங்கீகாரம் பெற்றுவிடும். காரைக்கால் வட்டாரத்தில் ஒரு கல்வி ஸ்தாபனத்தில் இப்படித்தான் அமைத்திருந்தார்கள். நிர்வாகம் செலவைக் குறைக்கக் கருதி அதே இரும்புகளில் ஹைப்பர்-வியை நீக்கிக் கே.வி.எம். வைக்கத் தீர்மானித்தபோது, அங்கிருந்த சிஸ்டம் அட்மின் மிகுந்த ஜாக்கிரதையோடு அடையாள எண், மேக் முகவரி எல்லாம் மாறாமல் கொண்டுவந்தார். ஆனாலும் புதுப்பிக்கும் தருணம் வந்ததும் ஒவ்வொரு வி.எம்.மும் அங்கீகாரம் இழந்தது. இழந்தது அடையாளத்தையல்ல, அங்கீகாரம் தரும் ஹைப்பர்-வியை, ஏ.வி.எம்.ஏ.வின் சாவி வேறெங்கும் செல்லாது. டேட்டாசென்டர் உரிமம் அந்த இரும்புகளுக்கு இருந்தபடியால் ஒப்பந்தத்தில் குறையேதுமில்லை. சாவியை மட்டும் வேறு வகைக்கு மாற்றினால் போதும். அந்த வேறு சாவியைத் தேடியெடுப்பதற்கு, பல வருஷங்களுக்கு முன் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டி திறக்கப்படவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இணையத்தில் அங்கீகாரம் மறுக்கப்பட்டால் நெடுங்காலம் தொலைபேசியே கதியாக இருந்தது. திரையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் பிரிவு பிரிவாகத் தோன்றும்; அவற்றை ஒன்றுகூடப் பிசகாமல் தானியங்கிக் குரலிடம் அமுத்திக் கொடுத்து, அது திரும்பச் சொல்லும் இலக்கங்களை மறுபடி தட்டவேண்டியிருந்தது. நடுவே அந்தக் குரல், "இந்தப் பிரதி எத்தனை கணிப்பொறிகளில் நிறுவப்பட்டிருக்கிறது?" என்று கேட்கும். வி.எம். உலகத்தில் இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது. பழைய இ.எஸ்.எக்ஸ்.ஐ. வட்டில் ஒரு பிரதி அணைந்து கிடக்கிறது. பேக்கப் வட்டுகளில் ராத்திரிக்கு ராத்திரி எடுத்த பிரதிகள் கிடக்கின்றன. பிராக்ஸ்மாக்ஸில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்றவர் இழப்பிலிருந்து பாதுகாத்துக்கொள்ள எடுக்கும் காப்புப் பிரதிகளை மீறலாகக் கொள்வதில்லை. ஆகவே நான் "ஒன்று" என்றே பதில் சொல்லிவந்தேன், அது சத்தியம்.

மௌனமாக நேரும் பிசகு வேறு வகை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது, இப்பகுதியில் பல ஆலைகளில் மின்சாரம் போய், சில இடங்களில் கூரையும் போயிற்று. அதன்பிறகு வசதியுள்ளவர்கள் இரண்டாவதாக ஒரு சர்வர் வாங்கி மாடியில் வைத்தார்கள்; கீழே உள்ள வி.எம்.களின் பிரதி சில நிமிஷத்துக்கொரு முறை மேலே போய்க்கொண்டிருக்கும். மழை மிரட்டினால் ஒரு பொத்தானை அமுத்தி எல்லாவற்றையும் மேலே ஓட்டிவிடலாம். இரண்டிலும் ஒரே ஹைப்பர்வைசராதலால் விண்டோஸ் ஒரு வார்த்தை பேசாது. ஆனால் ஒப்பந்தத்தின் கணக்கில், மாடியில் உள்ள இரும்புக்கும் தனியே கோர் எண்ணி உரிமம் வாங்கியிருக்கவேண்டும். ஒரு பெட்டியின் உரிமத்தை மற்றொன்றுக்கு மாற்றலாமென்று வால்யூம் ஒப்பந்தம் அனுமதித்தாலும், 90 நாளைக்கு ஒரு முறைக்குமேல் மாற்ற முடியாது. பெட்டி நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு. காலையில் மேலே ஏற்றி மாலையில் கீழே இறக்குவதை அது மாற்றமாக ஒப்புக்கொள்ளாது. ஓ.இ.எம். உரிமமாக இருந்தாலோ மாற்றத்துக்கே இடமில்லை. இதை முதலாளிகளிடம் எடுத்துச் சொல்வது சுலபமல்ல. யந்திரமே கேட்காதபோது நீ ஏன் கேட்கிறாய் என்பதுபோல் பார்ப்பார்கள். 1994-ஆம் வருஷத் திருத்தத்தில் சேர்ந்த 63பி பிரிவு, மீறிய பிரதி என்று தெரிந்தே கணிப்பொறி நிரலைப் பயன்படுத்துபவருக்குக் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் கொடுக்கிறது என்பதைப் பயமுறுத்தாத குரலில் சொல்லி வைப்பேன். தெரிந்தே என்ற சொல் அந்தப் பிரிவில் இருப்பதும், நான் சொன்ன பிறகு தெரியாது என்று சொல்ல முடியாமற் போவதும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

பிறர் விட்டுச்சென்ற பாவமூட்டையும் குடிபெயர்ப்பின்போதுதான் அவிழும். ஓர் ஆலையில் முன்பு சர்வர் அமைத்துக் கொடுத்த சப்ளையர், 180 நாள் பரீட்சார்த்தப் பிரதியை நிறுவிவிட்டு, முழு உரிமத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு போயிருந்தார். கெடு முடிந்த பரீட்சார்த்தப் பிரதி மணிக்கொரு முறை தானே அணைந்துவிடும். அதைத் தடுக்க உள்ளே ஏதோ தந்திரம் செய்திருந்தார்கள். புதிய ஹைப்பர்வைசரில் எழுந்ததும் அந்தத் தந்திரம் கலைந்து, கணக்குப் பார்க்கும் அம்மாள் ஒவ்வொரு மணி நேரமும் பாதி வவுச்சரில் வேலையை இழந்தார். முறையான சாவி வாங்கிப் பரீட்சார்த்தத்தை முழுப் பதிப்பாக மாற்றலாமென்றால், அது பயனர் பட்டியலை ஆளும் டொமைன் கன்ட்ரோலராக அமைக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் மாற்றம் செல்லாது. பக்கத்தில் புதிதாக ஒரு விண்டோஸை எழுப்பி, பயனர் பட்டியலின் அதிகாரத்தை அதற்குக் கைமாற்றி, பழையதைப் பதவியிறக்கிய பிறகே காரியம் முடிந்தது.

டாலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் காரைக்கால் வியாபாரிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். அது இயங்குதளமல்ல, ஆனாலும் குடிபெயர்ப்பில் முதலாளி முதலில் கேட்பது அதைத்தான். அதன் உரிமமும் யந்திரத்தின் அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டது. அடையாளம் மாறினால் கல்விப் பதிப்பாகச் சுருங்கி, மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவு செய்ய விடும். பழைய இடத்தில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு வந்து புதிய இடத்தில் மீட்டுக்கொள்ளும் ஒழுங்கான வழி அதில் இருக்கிறது. இயங்குதளம் விற்பவர்களும் இந்த ஒரு பழக்கத்தை எங்கள் டாலிக்காரர்களிடம் கற்றிருந்தால் எவ்வளவோ தொலைபேசிச் செலவு மிஞ்சியிருக்கும்.

லினக்ஸ் பக்கம் இந்த உபாதைகள் மிகக் குறைவு. டெபியனுக்கு எந்த ஹைப்பர்வைசரில் கண் விழித்தாலும் கேள்வி இல்லை. ரெட்ஹாட்டில் உரிமம் ஆதரவுச் சந்தாவாதலால், எந்த வி.எம். எந்த இரும்பில் இருக்கிறதென்று கவனித்துச் சொல்லும் ஒரு சிறு சேவையைப் புதிய ஹைப்பர்வைசருக்குத் திருத்தியமைக்கவேண்டும், அவ்வளவே. தமிழ்நாட்டில் உமாசங்கர் என்ற அதிகாரி அரசு நிறுவனமாகிய எல்காட்டின் நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில் அரசு அலுவலகக் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்குத் திருப்ப முயன்றதை, விலையை முன்வைத்தே அன்று பலரும் பேசினார்கள். பெட்டி மாறும்போது பத்திரம் தேடி ஓடவேண்டியதில்லை என்ற சௌகரியத்தை யாரும் பெரிதாக எடுத்துச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, அந்நாளில் வி.எம்.கள் நம் அலுவலகங்களுக்கு வந்திராததே காரணமாக இருக்கலாம்.

மூலையில் எழுந்த வாசகத்தைச் சுட்டிக்காட்டிய அந்த முதலாளியிடம் பின்னொரு நாள் கணக்கை விரித்து வைத்தேன். அவருடைய பெட்டியில் நான்கு விண்டோஸ் வி.எம்.கள் ஓடிக்கொண்டிருந்தன, ஸ்டாண்டர்டு உரிமம் ஒன்றே, அதாவது இரண்டுக்கு மட்டும். ஹைப்பர்வைசரை மாற்றியிராவிட்டால் இந்தக் கணக்கை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாக் கோர்களுக்கும் மறுபடி ஒரு ஸ்டாண்டர்டு வாங்கினால் மேலும் இரண்டுக்கு உரிமை வரும். டேட்டாசென்டர் அவருடைய அளவுக்கு அநாவசியம். அவர் விலையைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த நாலும் என்னென்ன தம்பி?" என்றார். டாலி ஒன்று, பயனர் பட்டியல் ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்றேன். கோப்புகளை டெபியனில் சாம்பா என்னும் மென்பொருளை வைத்து நடத்தலாம் என்பதற்கு அவர் உடனே இணங்கினார். வருகைப் பதிவு மென்பொருளை விற்றவரிடம் லினக்ஸ் பதிப்பு இருந்தது. அதற்கு அவர் கேட்ட தொகை இரண்டாவது ஸ்டாண்டர்டின் விலையில் சிறு பங்கே. இப்போது அந்தப் பெட்டியில் விண்டோஸ் இரண்டே; பில், ஸ்டிக்கரின் படம், அடையாள எண்கள், மேக் முகவரிகள் எல்லாம் ஒரே கோப்பில், டாலி உரிமத்தின் அடுத்த புதுப்பிப்புத் தேதிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.